வீட்டு வாசலில் நிற்கும் ‘கிறிஸ்துமஸ் மரம்’ உண்மையில் எந்த மரம்? அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

காம்பவுண்டு சுவரை ஒட்டி, மொட்டை மாடியையும் தாண்டி, அடுக்கடுக்காகக் கிளை விட்டு ஒல்லியாக நிற்கும் அந்த மரத்துக்கு நம்மூரில் பொதுவாக ஒரே பெயர்தான்: கிறிஸ்துமஸ் மரம். நர்சரியில் கேட்டால் ‘அரகேரியா’ என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ‘நார்ஃபோக் தீவுப் பைன்’ என்பார்கள். பழைய பெயர்ப் பலகைகளில் ‘அரகேரியா எக்செல்சா’ என்று எழுதியிருக்கும். இந்த நான்கில் உறுதியாகச் சரியானது ‘அரகேரியா’ ஒன்றுதான். ஐரோப்பாவில் டிசம்பரில் வீட்டுக்குள் கொண்டுவந்து அலங்கரிப்பது ஸ்ப்ரூஸ், ஃபிர் வகை மரங்களை; அவற்றுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. இது பைனும் இல்லை. சூடான சமவெளி ஊர்களில் பெரும்பாலும் நார்ஃபோக் தீவு மரமும் இல்லை.

வெப்ப நாடுகளில் நார்ஃபோக் பைன் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி குக் பைன் என்கிற வேறொரு சிற்றினம். அறிவியல் பெயர் அரகேரியா கொலம்னாரிஸ். தாயகம் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக்கில் இருக்கும் நியூ கலிடோனியா. இரண்டும் கன்றாக இருக்கும்போது கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால், விற்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் வளர்ந்த பிறகு நார்ஃபோக் பைன் அகலமாகப் பரவும். குக் பைன் தூணாக உயரும், சாயவும் செய்யும். எவ்வளவு இடம் விட்டு நடுவது என்பதே இதைப் பொறுத்ததுதான்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. ஒரு பூதக்கண்ணாடி, அளவு நாடா, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு, திசைகாட்டி உள்ள ஒரு போன். மரத்தடியில் விழுந்து கிடக்கும் சிறுகிளைகளைக் கூட்டித் தள்ளாமல் எடுத்து வையுங்கள். சோதனையில் பாதி அதில்தான் நடக்கும்.

படி 1: ஊசியிலை மரம்தானா என்று பாருங்கள்

சிரிக்க வேண்டாம், இந்த முதல் படியிலேயே பலர் தடுமாறுகிறார்கள். காரணம் சவுக்கு. மெல்லிய பச்சை ஊசிகள், கூம்பு மாதிரி காய்கள், காற்றில் ஒரு இரைச்சல் என்று எல்லாம் பைனை நினைவூட்டும். ஆனால் சவுக்கு பூக்கும் தாவரம். அதன் ஒரு ‘ஊசி’யை எடுத்து இரு முனையையும் பிடித்து இழுத்தால் கணுக் கணுவாகக் கழன்று வரும். கழன்ற இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சுற்றிலும் ஆறு முதல் எட்டு வரை நுண்ணிய பற்கள் தெரியும். அந்தப் பற்கள்தான் இலை. பச்சையாக நீண்டிருப்பது தண்டு. கூம்பு போல் இருப்பதும் மரத்தன்மையுள்ள கனித்தொகுதிதான்.

அரகேரியா கிளையில் இப்படிக் கணு கிடையாது. தண்டைச் சுற்றிச் சுருளாக, காம்பே இல்லாத சிறு இலைகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். ஒன்றைப் பிய்த்தால் அடியில் தண்டின் தோலும் கொஞ்சம் சேர்ந்து வரும்.

வாசலில் நடுகிற துஜாவும் ஊசியிலை வகைதான், ஆனால் சைப்ரஸ் குடும்பம். அதன் கிளைகள் தட்டையாக விரிந்திருப்பதால் குழப்பம் வராது. சைகஸ் பனையைப் போல இருக்கும். அதுவும் திறந்த விதைத் தாவரம்தான் என்றாலும் ஊசியிலை மரக் கூட்டத்தில் வராது. நெட்டிலிங்கம் உயரத்தால் மட்டுமே இந்தப் பட்டியலுக்குள் நுழைகிறது. அகன்ற இலையைப் பார்த்ததும் வெளியே அனுப்பிவிடலாம்.

படி 2: பைன் குடும்பத்திலிருந்து பிரித்தெடுங்கள்

கொடைக்கானல் பைன் காட்டில் கீழே கிடக்கும் ஊசிகளை எடுத்துப் பார்த்தால், அவை கொத்தாகச் சேர்ந்து அடியில் ஒரு சிறு உறைக்குள் பொருந்தியிருக்கும். பைன் பேரினத்தின் முத்திரை அது. அரகேரியாவில் ஒவ்வொரு இலையும் தனித்தனி, உறை கிடையாது.

இலையைவிடக் கூம்பு இன்னும் உறுதியான சாட்சி. பைனின் கூம்பில் ஒவ்வொரு செதிலிலும் இரண்டு விதைகள் இருக்கும். அரகேரியாவில் செதிலுக்கு ஒரே விதை. அதுவும் தனியாக உதிராமல் செதிலின் சதைக்குள்ளேயே பதிந்து, அதோடு ஒன்றாகப் பிணைந்து பிறக்கும். முற்றியதும் கூம்பு மரத்திலேயே சிதறி, செதில் செதிலாகக் கீழே விழும். அதனால்தான் முழுக் கூம்பைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு அரிதாக இருக்கிறது. மகரந்தத்திலும் வேறுபாடு உண்டு. பைனின் மகரந்தத் துகளுக்கு இரண்டு காற்றுப் பைகள் இருக்கும், அரகேரியாவுக்கு இல்லை. அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும், நமக்கு அவசியமில்லை.

ஆக, குடும்பம் அரகேரியேசி. இன்று உயிரோடு இருப்பவை மூன்றே பேரினங்கள்: அரகேரியா, அகாத்திஸ், வொலேமியா. மூன்றாவதை 1994-இல்தான் ஆஸ்திரேலியாவின் வொலேமி தேசியப் பூங்காவில், சிட்னியிலிருந்து வெகு தூரமில்லாத ஒரு பள்ளத்தாக்கில் கண்டுபிடித்தார்கள். அகாத்திஸிலும் வொலேமியாவிலும் விதை செதிலிலிருந்து தனியே பிரியும். விதையும் செதிலும் ஒட்டிப் பிறந்தால் அது அரகேரியா.

இந்தக் குடும்பம் இப்போது பெரும்பாலும் தென் அரைக்கோளத்தில் ஒதுங்கிவிட்டது. டைனோசர்கள் இருந்த காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. நம்மூரிலும் இருந்தது. சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரப் பாறைப் படுகைகளில், 10 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட தாவரப் படிவங்களோடு அரகேரியா வகைக் கூம்புச் செதில்களும் கிடைத்திருக்கின்றன. இன்று கார்த் தொழிற்சாலைகள் நிற்கும் அதே வட்டாரம்தான். அந்தக் கூட்டம் இங்கே எப்போதோ அற்றுப்போய்விட்டது. இப்போது மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலை மரம் நிறம்பல்லி. அது வேறு குடும்பம்.

படி 3: அரகேரியாக்களுக்குள் எந்தப் பக்கம்?

அரகேரியாவில் சுமார் 20 சிற்றினங்கள் உண்டு. அதில் 14 நியூ கலிடோனியாவில் மட்டுமே இயற்கையாக வளர்பவை. தமிழ்நாட்டை விடப் பல மடங்கு சிறிய ஒரு தீவுக் கூட்டத்தில் ஒரு பேரினத்தின் பெரும்பான்மை குவிந்து கிடக்கிறது! மிச்சம் சிலி, அர்ஜென்டினா, பிரேசில், நியூ கினி, ஆஸ்திரேலியா, நார்ஃபோக் தீவு என்று சிதறியிருக்கிறது.

தாவரவியலாளர்கள் இவற்றை நான்கு பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். நமக்கு வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இலை அகலமா, குறுகலா? இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு, தட்டையாக, கூர்மையாக, தொட்டால் குத்தும்படி இருந்தால் அது சிலியின் மங்கி பஸில் மரமாகவோ ஆஸ்திரேலியாவின் புன்யா பைனாகவோ இருக்கலாம். இவை மலைவாசஸ்தலப் பூங்காக்களில் கண்ணில் படும், சமவெளி வீடுகளில் அரிது. ஒரு சென்டிமீட்டர் அளவில் சிறு இலைகளாக இருந்தால் யூடாக்டா என்ற பிரிவு. குக் பைன், நார்ஃபோக் பைன் இரண்டும் இதில்தான் வருகின்றன. விதை முளைக்கும்போதும் பிரிவு தெரியும்: யூடாக்டாவின் நாற்று நான்கு விதையிலைகளை மண்ணுக்கு மேலே தூக்கிக் கொண்டு வரும். புன்யாவும் மங்கி பஸிலும் விதையிலைகளை மண்ணுக்குள்ளேயே வைத்துக் கொள்ளும்.

யூடாக்டாவிலேயே இன்னொரு ஆள் உண்டு, ஹூப் பைன். அதன் பட்டையில் குறுக்கு வளையங்கள் தெளிவாகத் தெரியும். சிறுகிளைகள் எல்லாம் கிளையின் நுனியில் கொத்தாகக் குவிந்திருக்கும். இது இரண்டும் இல்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 4: குக் பைனா, நார்ஃபோக் பைனா?

இதுதான் விஷயத்தின் மையம், எனவே நிதானமாகப் போவோம்.

முதலில் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று மரத்தின் உருவத்தைப் பாருங்கள். நார்ஃபோக் பைன் அகன்ற பிரமிடு. கிளை அடுக்குகளுக்கு நடுவே நல்ல இடைவெளி, கிளைகள் நீளமாக, கிடையாக நீண்டிருக்கும். குக் பைன் அடியிலிருந்து நுனி வரை கிட்டத்தட்ட ஒரே அகலம். கிளைகள் குட்டை, சுமார் 2 மீட்டர்தான். மரம் 60 மீட்டர் வரை உயரக்கூடியது என்பதை நினைத்தால் இது எவ்வளவு ஒல்லி என்பது புரியும்.

இந்த ஒல்லி உருவத்துக்குப் பின்னால் ஒரு பழக்கம் இருக்கிறது. குக் பைன் வளர வளரத் தன் முதல் கிளைகளை உதிர்த்துவிட்டு, அவை இருந்த இடத்திலிருந்தே புதுக் கிளைகளை விடும். இரண்டாம் முறை வருபவை அவ்வளவு நீளமாகப் போவதில்லை. முதிர்ந்த மரத்தின் தண்டை ஒட்டிப் பார்த்தால், பழைய தழும்புக்குப் பக்கத்திலேயே மெல்லிய இளங்கிளைகள் கிளம்பியிருப்பது தெரியும். பல மரங்களில் இதனால் நடுப்பகுதி ஒடுங்கி, உச்சியில் மட்டும் முதல் முறை வந்த நீளக் கிளைகள் மிஞ்சி நிற்கும்.

1774 செப்டம்பரில் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பல் நியூ கலிடோனியாவின் தென்கிழக்கு முனையை நெருங்கியபோது, தூரத்தில் வரிசையாக எழும்பி நின்றவற்றை எரிமலைக் கல் தூண்கள் என்றே கப்பலில் இருந்த இயற்கை ஆய்வாளர்கள் நினைத்தார்கள். குக் மரங்கள் என்றார். கிட்டே போனதும் அவர் சொன்னதே சரியாயிற்று. அங்கிருந்த தீவுக்குப் பைன் தீவு என்று பெயர் வைத்தார், இன்றும் அதே பெயர்தான். அடுத்த மாதமே கப்பல் நார்ஃபோக் தீவுக்கும் போனது. ஆக, நம் தெருவில் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லப்படும் இரண்டு மரங்களையும் ஒரே பயணத்தில் சில வார இடைவெளியில் ஐரோப்பியர்கள் பார்த்திருக்கிறார்கள்.

சரி, இப்போது தண்டுக்கு வருவோம். குக் பைனின் சாம்பல் பட்டை மெல்லிய காகிதம் போன்ற ஏடுகளாக உரிந்து, சுருண்டு தொங்கும். விரலால் இழுத்தால் நீளமாகக் கிழிந்து வரும். நார்ஃபோக் பைனின் பட்டை சிறு சில்லுகளாகப் பெயரும். இளமரத்தில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்காது. மார்பளவு உயரத்தில் தண்டு நன்றாகப் பருத்த மரமாக இருந்தால்தான் நம்பலாம்.

அடுத்து, நீங்கள் எடுத்து வைத்த உதிர்ந்த சிறுகிளைகள். இந்த மரங்கள் இலையைத் தனியாக உதிர்ப்பதில்லை, இலையோடு சிறுகிளையை முழுசாகக் கழற்றிப் போடும். வாசல் கூட்டுபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். குக் பைனின் முதிர்ந்த சிறுகிளையில் இலைகள் முக்கோணச் செதில்களாக, உள்நோக்கி வளைந்து, ஒன்றன் மேல் ஒன்று படிந்திருக்கும். அதனால் முழுக் கிளையும் முறுக்கிய சணல் கயிறு போல உருண்டையாக இருக்கும். செதிலின் நீளம் 5 முதல் 7 மில்லிமீட்டர், அகலமும் ஏறத்தாழ அதே அளவை எட்டும். நார்ஃபோக் பைனில் இலை அதைவிடக் குறுகல், அகலம் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். பூதக்கண்ணாடியும் அளவு நாடாவும் வேண்டும் என்றது இதற்காகத்தான்.

ஒரு எச்சரிக்கை: இலையை எந்தக் கிளையிலிருந்து எடுத்தீர்கள் என்பது முக்கியம். இரண்டு மரங்களிலும் இளம் இலை வேறு, முதிர்ந்த இலை வேறு. இளம் இலை ஊசியாக, வெளியே விரிந்து, ஒரு சென்டிமீட்டரையும் தாண்டும். தொட்டிச் செடியில் காண்பது முழுக்க இந்த இளம் இலைதான். அதை வைத்துக்கொண்டு சிற்றினத்தைச் சொல்ல முயல்வது வீண் வேலை. ‘அரகேரியா’ என்று மட்டும் எழுதிவிட்டு மரம் வளரும் வரை காத்திருப்பதே நேர்மை.

கடைசிச் சாட்சி பெண் கூம்பு. ஆண் கூம்பும் பெண் கூம்பும் ஒரே மரத்தில் வரும். ஆண் கூம்பு உருளை வடிவில், சிறுகிளை நுனியில், 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்தில் தொங்கும். மகரந்தம் விட்டதும் பழுப்பாகக் கீழே விழும். பெண் கூம்பு உச்சிப் பக்கம் இருக்கும், தொலைநோக்கி இருந்தால் நல்லது. நீளம் அகலத்தைவிடக் கூடுதலாக, முட்டை வடிவில் இருந்தால் குக் பைன்: நீளம் 10 முதல் 15, அகலம் 7 முதல் 11 சென்டிமீட்டர். அகலம் நீளத்தை மிஞ்சி, அமுக்கிய பந்து மாதிரி இருந்தால் நார்ஃபோக் பைன்.

உருவம், பட்டை, முதிர்ந்த இலை, கூம்பு ஆகிய நான்கில் குறைந்தது மூன்று ஒரே பக்கம் காட்டினால் முடிவு செய்துவிடலாம். உருவத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நெருக்கடியான இடத்தில், பக்கத்துக் கட்டட நிழலில் வளர்ந்த மரம் எப்படி வேண்டுமானாலும் இருக்கும்.

படி 5: சாய்வை அளந்து பாருங்கள்

இந்தப் படி கட்டாயமில்லை. ஆனால் குக் பைனைப் பற்றிய மிக விசித்திரமான செய்தி இதில்தான் இருக்கிறது. 2017-இல் ‘எக்காலஜி’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. ஐந்து கண்டங்களில் 18 பகுதிகளில் நிற்கும் 256 குக் பைன்களை அளந்திருந்தார்கள். வட அரைக்கோளத்து மரங்கள் தெற்கு நோக்கியும், தென் அரைக்கோளத்து மரங்கள் வடக்கு நோக்கியும் சாய்ந்திருந்தன. அதாவது, எங்கே நட்டாலும் நிலநடுக்கோட்டின் பக்கம். சராசரிச் சாய்வு 8.55 பாகை. 20 மீட்டர் மரம் ஒன்று இந்த அளவுக்கு நேராகச் சாய்ந்தால் அதன் உச்சி அடியிலிருந்து சுமார் 3 மீட்டர் தள்ளி நிற்கும். நிலநடுக்கோட்டிலிருந்து தூரம் கூடக் கூடச் சாய்வும் கூடுகிறது. மற்ற மரங்கள் சாய்ந்தால் நிமிர்த்திக் கொள்ளும், இது ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்குத் தெளிவான விடை இன்னும் வரவில்லை.

தமிழ்நாடு நிலநடுக்கோட்டிலிருந்து 8 முதல் 13 பாகை தூரத்தில்தான் இருக்கிறது. எனவே பெரிய சாய்வை எதிர்பார்க்க வேண்டாம். மரத்துக்குக் கிழக்கிலோ மேற்கிலோ தள்ளி நின்று, கையை நீட்டித் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலின் கோட்டோடு தண்டை ஒப்பிட்டுப் பாருங்கள். போனில் திசையைச் சரிபார்த்துக் கொள்ளுங்கள். தெற்கே சாய்வு தெரிந்தால், ஏற்கெனவே கிடைத்த மற்ற சாட்சிகளுக்கு அது பலம் சேர்க்கும். தனியாக அதை நம்ப முடியாது. வடக்குப் பக்கம் மூன்று மாடி வீடு இருந்தால் எந்த மரமும் தெற்கே வெளிச்சம் தேடிப் போகத்தான் செய்யும்.

படி 6: பெயரை எழுதுங்கள்

பள்ளியிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ பலகை வைப்பதாக இருந்தால் இப்படி எழுதலாம். குழு: திறந்த விதைத் தாவரங்கள், அவற்றுள் ஊசியிலை மரங்கள். வரிசை: அரகேரியேல்ஸ்; பழைய பாடநூல்கள் பைனேல்ஸ் என்று சொல்லும், இரண்டையும் பார்க்கலாம். குடும்பம்: அரகேரியேசி. பேரினம்: அரகேரியா. பிரிவு: யூடாக்டா. சிற்றினம்: கொலம்னாரிஸ். குக்கின் பயணத்தில் சேகரித்ததை வைத்து 1786-இல் அந்தக் கப்பலில் போன இயற்கை ஆய்வாளர் ஃபார்ஸ்டர் இதைச் சைப்ரஸ் பேரினத்தில் சேர்த்திருந்தார். 1852-இல் தாவரவியலாளர் ஹூக்கர்தான் அரகேரியாவுக்கு மாற்றினார். ‘அரகேரியா குக்கீ’ என்று பழைய பலகைகளில் பார்த்தால் அதுவும் இதே மரம்தான். நார்ஃபோக் பைன் என்று முடிவானால் அரகேரியா ஹெட்டரோஃபில்லா என்று எழுத வேண்டும். 1952-இல் நிலைபெற்ற பெயர் அது, ‘எக்செல்சா’ இனி வேண்டாம்.

நட்டு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

தாயகத்தில் குக் பைன் கடலோரப் பவளச் சுண்ணாம்பு நிலத்தில் உப்புக் காற்றைத் தாங்கி வளர்வது. அதனால் நம் கடற்கரை ஊர்களுக்குப் பொருத்தமான மரம்தான். ஆனால் மின்கம்பிக்குக் கீழே நடாதீர்கள். கம்பியில் பட்டதும் உச்சியை வெட்ட ஆள் வருவார்கள், அதோடு மரத்தின் உருவம் போய்விடும். உச்சி போன அரகேரியா பக்கத்தில் இரண்டு மூன்று புது உச்சிகளை விட்டுக் கோணலாகக் கிளம்பும். வீட்டை ஒட்டி நடுவதாக இருந்தால் தென்பக்கம் கொஞ்சம் கூடுதலாக இடம் விடுவது புத்திசாலித்தனம்.

தொட்டியில் வைத்தால் வெளிச்சம் தாராளமாக இருக்க வேண்டும். இருட்டு மூலையில் கிளைகள் தொங்கிப் போகும், கீழ் அடுக்குகள் காய்ந்து விழும். தொட்டிச் செடியில் விழுந்த கீழ் அடுக்கு பெரும்பாலும் திரும்ப வராது. டிசம்பரில் அலங்கரிக்கும்போது கனமான பொம்மைகளைத் தவிர்த்து, லேசான விளக்குச் சரத்தோடு நிறுத்திக் கொள்ளலாம். கிளைகளில் பெயின்ட், மினுக்குத் தூள் அடித்து விற்கும் கன்றுகளை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். இலை மூச்சு விடும் துளைகளை அது அடைத்துவிடும்.

அப்புறம், கன்று வாங்கும்போது விதையிலிருந்து வந்ததா, கிளையை வெட்டி வேர் பிடிக்க வைத்ததா என்று கேளுங்கள். பக்கவாட்டுக் கிளையை நட்டால் அது வேர் பிடிக்கும், பச்சையாகவும் இருக்கும். ஆனால் தான் கிளைதான் என்பதை மறக்காமல் எத்தனை வருடமானாலும் பக்கவாட்டிலேயே நீண்டு போகும். கம்பு நட்டுக் கட்டினாலும் நிமிர்ந்து மரமாகாது. உச்சித் தண்டிலிருந்து எடுத்த துண்டுதான் நேராக வளரும், அதற்குத் தாய்மரத்தின் உச்சியை வெட்ட வேண்டும். எனவே விதைக் கன்றே நல்லது. நடுத்தண்டு நேராக இருக்கிறதா, அதைச் சுற்றி எல்லாத் திசையிலும் கிளைகள் சமமாக விரிந்திருக்கின்றனவா என்று மேலிருந்து பார்த்து வாங்குங்கள். ஒரே பக்கமாக விசிறி போல விரிந்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.